கூந்தன்குளத்து விருந்தாளிகள்

மழை நாளில் வீட்டை விட்டுப் புறப்படுகிறவர்கள் இரண்டு வகையினர். வேறு வழியில்லாமல் புறப்படுகிறவர்கள் ஒரு வகை. அவர்களைக் கண்டு உலகம் அனுதாபப்படுகிறது. வேண்டுமென்றே புறப்படுகிறவர்கள் மற்றொரு வகை. அவர்களைக் கண்டு உலகம் சிரிக்கிறது. மார்கழிக் கடைசியில் ஒரு நாள், வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய காலை வேளையில், திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகச் செல்லும் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த நாங்கள் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர்கள். இரண்டு உபாத்தியாயர்கள், இரண்டு மாணவிகள், ஒரு மாணவன், இரண்டு குடைகள், ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி, ஒரு தூக்குப் பாத்திரம் நிறையப் புளியோதரை: இவ்வளவுதான் எங்கள் சேனை.

டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"கூந்தன்குளத்துல இன்னிக்கு என்ன விசேசம்?" என்று கேட்டார்.

"வாத்துப் பார்க்கப் போகிறோம்" என்றான் மாணவன்.

"வாத்தியார்மார் வாத்தைத் தேடிப் போறது பொருத்தந்தான்!" என்று சொல்லி அவர் நகர்ந்தார். பஸ் முழுவதும் சிரித்தது. நாங்களும் கலந்துகொண்டோம்.

நாங்கள் தேடிச் சென்றது வீதியோரத்துச் சாக்கடையில் நீந்தும் வாத்து அன்று. அதற்கு 'வரித்தலை வாத்து' என்று பெயர். மங்கோலியாவிலும் திபேத்தின் பீடபூமியிலும் சிங்ஹாய் ஏரிக்கரையிலும் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக் காலம் வந்ததும் இமய மலைத் தொடரைக் கடந்து பாரத நாட்டுக்கு வருகிற பறவை அது. இமாசலப் பிரதேசத்தில் போங் அணையின் நீர்த்தேக்கத்தில் ஆயிரக்கணக்கில் இறங்குகிறது. கர்நாடகத்தில் கதக் ஜில்லாவிலுள்ள மாகடி ஏரியிலும் பெருங் கூட்டமாகத் தங்குகிறது. அவற்றில் சில கூட்டங்கள் மட்டும் அதோடு திருப்தி அடையாமல் இன்னும் தெற்கே வந்து, கன்னியாகுமரிக்குக் கிட்டத்தட்ட அருகிலேயே, நாங்குநேரித் தாலுகாவிலுள்ள கூந்தன்குளத்தில் இறங்குகின்றன. வடகோடியிலிருந்து தென்கோடிக்கு டிக்கெட் இல்லாமல் வரும் அந்தப் பிரயாணியை ஒரு முறை நேரில் பார்த்து வணக்கம் சொல்லிவிட வேண்டும் என்பதே எங்கள் ஆசை.

பாளையங்கோட்டையைத் தாண்டியதும் இரு புறமும் பனை மரங்கள். மழையில் நனைந்த பனைக்கு ஒரு தனிக் கறுப்பு உண்டு. செம்மண் கரைந்து ஓடும் ஓடைகளும், கலங்கல் வழிந்து நுரைக்கும் குளங்களும், அவற்றின் கரைமேல் நின்று தண்ணீரைப் பார்த்துத் திருப்தியோடு தலையசைக்கும் விவசாயிகளும் வழி நெடுகத் தென்பட்டார்கள். வறண்ட பிரதேசம் என்று பெயரெடுத்த நாங்குநேரிச் சீமையில் மழை பெய்தால் ஜனங்களின் முகத்திலேயே ஒரு பச்சை படர்ந்துவிடுகிறது.

கூந்தன்குளத்தில் இறங்கியதும் முதலில் எங்களை வரவேற்றது பறவைகளின் கூச்சலும் அவற்றின் எச்சத்தின் நாற்றமுந்தான். இங்கே பறவைகள் ஊருக்கு வெளியே ஏதோ ஒரு காட்டில் வசிக்கவில்லை. தெருவிலேயே குடியிருக்கின்றன. வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேப்ப மரம், முற்றத்துக்கு மேல் சாய்ந்த புளிய மரம், எதைப் பார்த்தாலும் அதன் உச்சியில் நாரைகள் சுள்ளிகளை அடுக்கிக்கொண்டிருந்தன. இறக்கைக் கடைசியில் ரோஜா நிறம் தீட்டிய சங்குவளை நாரைகள் மழையில் தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தன. கூழைக்கடாக்களும் அங்கங்கே இருந்தன.

ஒரு வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினோம். வீட்டுக்கார அம்மாள் வயது முதிர்ந்தவர். கொல்லை மரத்தில் பத்துக் கூடுகளுக்குக் குறையாது. கீழே தரை முழுவதும் சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. "இவ்வளவு அசுத்தத்தையும் எப்படி அம்மா பொறுத்துக்கொள்கிறீர்கள்? மரத்தை வெட்டிவிடலாம் என்று தோன்றவில்லையா?" என்று கேட்டோம்.

அவர் எங்களைப் பரிதாபத்தோடு பார்த்தார்.

"எம் மவ பேறுகாலத்துக்கு வந்திருக்கான்னு வச்சுக்கிடுங்க. புள்ள பெத்த வீடு நாத்தம் அடிக்குன்னு வெளிய தள்ளுவமா ஐயா? இதுவளும் அப்பிடித்தான் வந்திருக்கு. குஞ்சு பெருசானா அதுவளே போயிரும்" என்றார்.

இதற்கு மேல் நாங்கள் என்ன கேட்பது? பிற்பாடு அவரே தொடர்ந்து, தீபாவளிக்கு இவ்வூரில் வெடி வெடிக்கும் வழக்கம் இல்லை என்றும், பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு அடித்தால் பயிர் செழிக்கும் என்றும் சொன்னார். தர்மமும் லாபமும் ஒரே மரத்தில் கூடு கட்டியிருப்பதைக் கூந்தன்குளத்தில் பார்க்கலாம்.

சர்க்கார் இந்த இடத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது 1994ஆம் ஆண்டில். கூந்தன்குளம், காடன்குளம் என்ற இரண்டு குளங்களும் சேர்ந்து சுமார் 129 ஹெக்டேர் பரப்பு. ஈர நிலங்களைக் காப்பதற்காக ஈரான் தேசத்து ராம்சார் நகரில் 1971இல் பல தேசங்கள் கூடி ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன; அதன் பட்டியலில் கூந்தன்குளம் 2021இல் இடம் பெற்றது. ஆனால் சட்டமும் பட்டியலும் வருவதற்கு முன்பே இவ்வூரார் பறவைகளுக்குச் சரணாகதி அளித்துவிட்டார்கள். செங்கற்பட்டு ஜில்லா வேடந்தாங்கலிலும் இதே கதைதான். அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று கிராமத்தார் வாதாடி, 1798இல் கும்பினிக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் துரையிடமிருந்து எழுத்து மூலம் உத்தரவு பெற்றார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் பிறந்தது 1972இல். ஜீவகாருண்யத்தை நமக்கு மேல்நாட்டார் வந்து கற்பித்தார்கள் என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு வருஷங்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கட்டும்.

குளக்கரைக்குச் சென்றோம். காற்றும் மழையும் சேர்ந்து குடையைப் பிடுங்கின. கண்காணிப்புக் கோபுரத்தின் மேலிருந்து பார்த்தால் குளம் கடல் போல் விரிந்திருந்தது. நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழிகள் நூற்றுக் கணக்கில் நீந்தின. வானமாமலைப் பெருமாள் சமீபத்தில் எழுந்தருளியிருப்பதற்கு ஏற்ற கோஷ்டி என்றார் தமிழாசிரியரான எங்கள் நண்பர். ஊசிவால் வாத்துகள் ஓரமாக ஒடுங்கியிருந்தன. கரண்டிவாயன்கள் ஆழமில்லாத ஒரு மூலையில் தண்ணீரைத் துழாவின. எல்லாம் இருந்தன, வரித்தலை வாத்தைக் காணவில்லை.

காவலரை விசாரித்தோம்.

"இந்த வருசம் மழை நல்லாப் பேஞ்சுட்டு சார். சுத்துப்பட்டிக் குளம் எல்லாம் பெருகிட்டு. எல்லாக் குளத்துலயும் தண்ணி கெடந்தா பறவை செதறிரும். பெரிய தாராவுக்கு ஆழத் தண்ணி வேண்டாம், மேய்ச்சல் வேணும். கரையோரத்துல புல்லு எங்க இருக்கோ அங்க போய் நிக்கும்" என்றார்.

குளம் வற்றினால்தான் பறவை வராது என்று நினைக்கிறோம். குளம் நிறைந்தாலும் பறவை வேறிடம் போகும்! மழை குறைந்த வருஷங்களில் மணிமுத்தாற்று அணையிலிருந்து கால்வாய் வழியாக வந்து சேரும் தண்ணீரை நம்பிக் கூந்தன்குளத்தில் கூட்டம் நெருங்கும். மழை மிகுந்த வருஷங்களில் சுற்றியுள்ள சிறு குளங்களெல்லாம் அவற்றுக்குச் சத்திரமாகும். ஆகவே ஒரு குளத்தை மட்டும் வேலி கட்டிக் காப்பாற்றிவிட்டு, மற்றக் குளங்களைக் கைவிட்டால் பறவைகளைக் காப்பாற்றியதாகாது. ஒரு பெரிய உண்மையை அந்தக் காவலர் ஐந்து வாக்கியங்களில் சொல்லிவிட்டார். திருநெல்வேலி, தூத்துக்குடி ஜில்லாக்களில் 2011 முதல் ஆண்டுதோறும் ஜனவரி மாதத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. தொண்டர்கள் ஒரே ஒரு சரணாலயத்தை மட்டும் பாராமல் குளம் குளமாகப் போய்ப் பறவைகளை எண்ணுவதன் அர்த்தம் எங்களுக்கு அப்போது நன்றாக விளங்கியது.

புளியோதரையைக் கோபுரத்தின் அடியிலேயே முடித்துக்கொண்டு, ஓர் ஆட்டோ ரிக்ஷாவை அமர்த்திப் பக்கத்துக் குளங்களைப் பார்க்கப் புறப்பட்டோம். முதல் குளத்தில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் கொக்குகள். மூன்றாவது குளத்துக்குப் பெயர்ப் பலகைகூட இல்லை. கரைமேல் ஒரு பெரியவர், சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு, கம்பை ஊன்றி நின்றார். சற்றுத் தூரத்தில் அவருடைய ஆடுகள் நனைந்துகொண்டே மேய்ந்தன.

"மழைக்குள்ள ஆரைத் தேடுதிய?" என்று கேட்டார்.

சொன்னோம்.

"வெள்ளத் தலை; பின்னால ரெண்டு கறுப்புக் கோடு. அதுதான? அந்தா, கரைக்கு அந்தப் பக்கத்துத் தரிசுல நிக்கி. நாலு நாளா எம் ஆட்டோடதான் மேயுது. குடைய மடக்கிட்டுச் சத்தம் போடாம வாங்க."

குடைகளை மடக்கினோம். கருவேல முட்களின் மறைவில் குனிந்தபடி அவர் பின்னே நடந்தோம். அவர் கையால் சைகை காட்டிய இடத்தில் மழைத் திரைக்கு அப்பால் சாம்பல் நிறமாகச் சில உருவங்கள் தெரிந்தன. தூரதிருஷ்டிக் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தோம். ஒன்று, இரண்டு, மூன்று... மொத்தம் 17 பறவைகள்!

கோழியைவிடப் பெரிய உடல். வெளுத்த சாம்பல் நிறம். வெண்மையான தலையின் பின்புறத்தில், மையால் இழுத்தது போல் இரண்டு கறுப்புப் பட்டைகள். கழுத்தின் இரு பக்கமும் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. அலகும் கால்களும் மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். அவை குனிந்து புல்லைக் கொத்தும்போது ஒன்று மட்டும் தலையை நிமிர்த்தி நாலு புறமும் பார்த்தது. சிறிது நேரத்தில் அது குனிய, வேறொன்று நிமிர்ந்தது. காவல் முறை மாற்றிக்கொள்ள அவற்றுக்கு மணியடிக்க வேண்டியதில்லை.

தூர தேசத்திலிருந்து வந்த யாத்திரிகனின் முகத்தில் களைப்பை எதிர்பார்ப்பது மனித இயல்பு. இந்தப் பறவைகளிடம் அந்தச் சாயலே இல்லை. ஆனால் அவை செய்துவிட்டு வந்த காரியம் லேசானதல்ல. எவரெஸ்ட் சிகரத்துக்கு மேலாகவே இவை பறந்ததாகச் சொல்வதுண்டு. விஞ்ஞானிகள் இவற்றின்மீது சிறு கருவிகளைப் பொருத்தி அளந்து 2013இல் வெளியிட்ட கணக்கின்படி, மிகுந்த உயரம் 7,290 மீட்டர். அந்த உயரத்தில் காற்றில் பிராணவாயு கடலோரத்தில் உள்ளதில் பாதிகூட இல்லை. மலையேறும் மனிதர் பத்து அடி வைத்துவிட்டுப் பத்து முறை மூச்சு வாங்கும் இடம் அது. வரித்தலை வாத்து அங்கே இறக்கையடித்துப் பறக்கிறது. அதன் இரத்தத்திலுள்ள செம்பொருள் மற்ற வாத்துகளின் இரத்தத்தைவிட எளிதாகப் பிராணவாயுவைப் பற்றிக்கொள்கிறது. சுவாசப்பையும் பெரிது, ஒவ்வொரு மூச்சையும் ஆழமாக இழுக்கிறது. இறக்கைத் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் மலையைக் கடக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, இறக்கைக்கு அதிகம் பிடி கொடுக்கும். மேலும், ஒரேயடியாக உயரத்தில் ஏறி நேர்கோட்டில் போவதில்லை. மலை ஏறினால் தானும் ஏறுகிறது. பள்ளத்தாக்கு இறங்கினால் தானும் இறங்குகிறது. வீணாக உயரத்தில் மிதந்து சக்தியைச் செலவழிப்பதைவிட அதுவே சிக்கனம் என்று 2015இல் நடந்த மற்றோர் ஆராய்ச்சி காட்டியது. பலம் மட்டும் போதாது, சிக்கனமும் வேண்டும் என்பதை இந்தப் பறவையிடம் கற்றுக்கொள்ளலாம்.

தமிழாசிரிய நண்பர் மழையில் நின்றபடியே வேறொரு விசாரணையைத் தொடங்கினார். "புறநானூற்றில் 67ஆம் பாட்டு நினைவிருக்கிறதா?" என்றார். பாண்டிய நாட்டுப் பிசிராந்தையார், தாம் கண்ணால் கண்டிராத நண்பனான கோப்பெருஞ்சோழனுக்கு ஓர் அன்னச் சேவலைத் தூதுவிடுகிறார். அந்த அன்னம் தென்குமரித் துறையில் இரையுண்டு, வடக்கேயுள்ள மலைக்குத் திரும்பிப் போகிற பறவை. போகிற வழியில் உறையூரில் இறங்கி, 'நான் ஆந்தையின் அடிமை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். உன் பேடைக்கு அரசன் ஆபரணம் தருவான் என்கிறார் புலவர்.

"குமரியிலிருந்து இமயத்துக்குப் போகிற அன்னம்! இதோ எதிரில் மேய்கிறதே, இதைத் தவிர வேறு எது?" என்றார் நண்பர்.

அந்தப் பாட்டில் அன்னம் அயிரை மீனைத் தின்கிறது. நமது வரித்தலை வாத்தோ புல்லும் தானியமும் விரும்பும் பிராணி. ஆகவே இதுதான் அது என்று கோயிலில் சத்தியம் செய்ய நாங்கள் தயாராக இல்லை. ஆனால் ஒன்று நிச்சயம். குளிர் காலத்தில் தெற்கே வந்து, வெயில் ஏறும்போது வடக்கே திரும்பும் பறவைகளை நம் முன்னோர்கள் கூர்ந்து பார்த்திருக்கிறார்கள். பாதையில் எந்தெந்த ஊர் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்தக் காலத்தில் அப்படிப் பார்த்துத் தமிழில் எழுதியவர் மா. கிருஷ்ணன். திருநெல்வேலியில் 1912இல் பிறந்தவர்; நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர். காட்டையும் பறவையையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகளைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கொடுத்தால், எதிர்வீட்டு மரத்தில் இருப்பது என்ன பறவை என்ற கேள்விக்கு 'ஏதோ ஒரு குருவி' என்று பதில் சொல்லும் தலைமுறை நின்றுபோகும்.

மாணவிகளில் இளையவள் இத்தனை நேரமும் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இப்பொழுது திரும்பி, "இந்தப் பறவைக்கு எது சார் சொந்த நாடு?" என்று கேட்டாள்.

பிறந்தது மங்கோலியாவாக இருக்கலாம், திபேத்தாக இருக்கலாம். நம் லடாக்கிலுள்ள த்சோ மோரிரி ஏரிக்கரையிலும் இவை குஞ்சு பொரிக்கின்றன. மங்கோலியாவில் கழுத்துப் பட்டை கட்டி அனுப்பிய பறவைகளைத் தென்னிந்திய ஏரிகளில் கண்டிருக்கிறார்கள். 2005ஆம் ஆண்டு சிங்ஹாய் ஏரியில் பறவைக் காய்ச்சல் பரவி ஆயிரக்கணக்கான பறவைகள் மாண்டபோது, இந்த இனந்தான் மிகவும் அடிபட்டது. அங்கே விழுந்த அடியின் வலி இங்கே நம் குளங்களிலும் இருந்திருக்கும். நாங்கள் பதில் தேடிக்கொண்டிருக்கையில் பெரியவர் முந்திக்கொண்டார்.

"எங்க வயிறு நெறையுதோ அதுவும் சொந்த ஊருதான் தாயி" என்றார்.

பிறகு அவர் கம்பால் குளத்தைச் சுட்டிக் காட்டினார். பாதிக் குளம் சீமைக் கருவேல். மடை இடிந்திருந்தது. "நான் சின்னப் பையனா இருக்கயில இது பங்குனி வரைக்கும் தண்ணி கெடக்கும். இப்ப வரத்துக்கால் தூந்து போச்சு. இந்த மழை பேஞ்சதால இம்புட்டாவது நிக்கி. தை கடைசியில வத்திரும். வத்திட்டா ஆடும் போவும், தாராவும் போவும்" என்றார்.

அவர் குரலில் புகார் இல்லை. ஆனால் எங்களுக்குத் துணுக்குற்றது. கங்கைச் சமவெளியிலும் வங்காளத்திலும் ஒரு காலத்தில் இளஞ்சிவப்புத் தலையுடைய வாத்து ஒன்று வாழ்ந்தது. துப்பாக்கிகள் அதைத் தேடின. அது மறைந்திருந்த புல் அடர்ந்த சதுப்பு நிலங்களும் வயல்களாக மாறின. 1935ஆம் ஆண்டுக்குப் பிறகு அதை நம் நாட்டில் நிச்சயமாகக் கண்டவர் இல்லை. நம்முடைய சொந்தப் பறவையை நம் தாத்தாக்களின் காலத்தில் நாம் இழந்துவிட்டோம். யாரும் அதைக் கொன்றே தீருவது என்று சபதம் செய்யவில்லை. ஒரு சதுப்பு இங்கே, ஒரு குளம் அங்கே என்று போயிற்று. கடைசியில் வாத்தும் போயிற்று. பெயரில்லாத இந்தக் குளங்களின் கதியும் அப்படி ஆகிவிட்டால், இமயத்தைத் தாண்டிவந்த பறவை நாங்குநேரியைத் தாண்டமாட்டாமல் திரும்பிப் போகும்.

மாலை நான்கு மணிக்கு மழை சற்றே விட்டது. மேற்கே அகஸ்திய மலைத் தொடரின் மீது ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது. காவல் நின்ற பறவை தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தது. தூரத்தில் யாரோ சங்கை விட்டு விட்டு ஊதியது போல் இருந்தது. மற்றவை பதில் கொடுத்தன. 17 பறவைகளும் சில அடி ஓடி, எழும்பி, முதலில் குழப்பமாகவும் பிறகு அம்பின் முனை போலவும் வரிசை கட்டிக்கொண்டு, எங்கள் தலைக்கு மேலாகக் கூந்தன்குளத்துப் பக்கம் பறந்தன. இறக்கைகளின் ஓசை காதில் விழுந்தது. பெரியவர் உட்பட எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். யாரும் பேசவில்லை.

இதைப் படிக்கிற குடும்பங்களுக்கு எங்கள் விண்ணப்பம் ஒன்று உண்டு. தை பிறந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளை அழைத்துக்கொண்டு கூந்தன்குளத்துக்கோ, வேடந்தாங்கலுக்கோ, உங்கள் ஊருக்குப் பக்கத்திலுள்ள எந்தக் குளத்துக்கோ போங்கள். ஒலிபெருக்கியை வீட்டில் விட்டுவிடுங்கள். பறவையின் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். பிறகு அந்தக் குளத்தின் பெயரையும், அதற்குத் தண்ணீர் எந்த வாய்க்கால் வழியாக வருகிறது என்பதையும் விசாரித்துக் குழந்தைகளிடம் சொல்லுங்கள். பறவைக்கு இமயத்தைக் கடக்கும் சக்தியைக் கடவுள் கொடுத்திருக்கிறார். தூர்ந்துபோன வரத்துக்காலை வெட்டும் சக்தியை நமக்குத்தான் கொடுத்திருக்கிறார்.